உப்புக்காற்று வீசும் வீட்டில் எரிவாயு இணைப்பைச் சோதிப்பது எப்படி

எரிவாயு இணைப்பைச் சோதிக்க நான் போகும் வீடுகளுக்கெல்லாம் என் பையில் ஒரு பழைய சாக்கும் கூடவே வரும். தரையில் விரித்து அதன்மேல் முட்டியிடுவதற்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு விநியோகஸ்தரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடல் பார்த்த வீடுகளிலும், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குள் தனித்து நிற்கும் வீடுகளிலும் இந்தச் சாக்கை விரித்திருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன் முதல் நாளே சொன்னது இது: "சிலிண்டரை நின்றுகொண்டு பார்க்காதே."

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் புகைபோல மேலே போகாது. கொட்டிய தண்ணீர்போலத் தரையோடு பரவும். அங்கணத்துக் குழியிலும், மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள்ளும், படி இறங்கும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். நம் மாவட்டத்தில் உப்புக்காற்றால் வரும் துருவும் சிலிண்டரின் அடிவளையத்தில்தான் தொடங்குகிறது. எலி கடிப்பதும் தரையை ஒட்டித்தான். ஆபத்து எல்லாம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விநியோகஸ்தரின் ஆள் வந்து கட்டாய ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. அடையாள அட்டை காட்ட வேண்டும், அடுக்களைக்குள் வந்து பார்க்க வேண்டும், படிவத்தை நிரப்பி உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும், வாங்கிய கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போனேன். "போன மாதம்தானே சோதித்தார்கள்?" என்று ரசீதை எடுத்து நீட்டினார்கள். வந்தவர் வாசற்படியைத் தாண்டவே இல்லையாம். நின்ற இடத்திலேயே கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். உள்ளே டியூபின் காலாவதித் தேதி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அன்றைய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உள்ளே வந்து பார்க்காதவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவே உள்ள ஐந்து ஆண்டுகளில் நீங்களே செய்யக்கூடிய சோதனையைத்தான் கீழே எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

முதலில் மூக்கு

எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கடும் வாடைப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அழுகிய முட்டைக்கோசுபோல நாறும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எரிவாயு கலந்தாலே தீப்பற்றும்; அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் யாருடைய மூக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

முட்டம் பக்கம் ஓர் அம்மச்சி தனியாக இருந்தார். மகன்கள் இருவரும் வளைகுடாவில். நான் திண்ணையில் ஏறும்போதே வாடை முகத்தில் அடித்தது. "மக்களே, இங்கே ஒரு வாடையும் இல்லையே" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். பல ஆண்டுகளாகச் சளித் தொல்லை. மீன் குழம்பு கொதிக்கும் மணமே தமக்குத் தெரிவதில்லை என்று பிறகு சொன்னார். வயதானவர்களுக்கும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், கொரோனா வந்து மணம் அறியும் திறன் குறைந்தவர்களுக்கும் இந்த எச்சரிக்கை போய்ச் சேருவதில்லை. அதிலும், அடுக்களையிலேயே நெடுநேரம் இருப்பவரின் மூக்கு எந்த வாடைக்கும் பழகிவிடும். ஆகவே, சோதனை செய்யும் நாளில் அரை மணி நேரமாவது வெளியே இருந்துவிட்டு வந்த ஒருவர் முதலில் உள்ளே நுழையட்டும். காலையில் கதவைத் திறக்கும் நேரம் இதற்கு மிக நல்லது. நுழைந்ததும் குனிந்து, சிலிண்டரின் அடிப்பக்கத்தில் முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, கசிவு நேர்ந்தால் செய்ய வேண்டியதைப் பாருங்கள். அதைப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

வாடை இல்லை என்றால் தொடரலாம். பகல் வெளிச்சம் வேண்டும். டார்ச் தேவைப்பட்டால் அதை வெளியிலேயே எரியவிட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள். குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, விறகடுப்புக் கங்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. நம் வீடுகள் பலவற்றில் சிரட்டையும் கொதும்பும் எரிக்கும் விறகடுப்பு எரிவாயு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சோதனை நாளில் அதன் சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்துவிடுங்கள்.

சிலிண்டர்

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கி மூன்று இரும்புப் பட்டைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். அடுத்த பரிசோதனைக்கு அந்தச் சிலிண்டர் ஆலைக்குப் போக வேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். சி 28 என்றிருந்தால் 2028ஆம் ஆண்டு செப்டம்பர் வரை. காலம் தாண்டிய சிலிண்டர் வந்தால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. இன்னொரு பட்டையில் காலி எடை இருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த எடை வரும். 15.3 என்று எழுதியிருந்தால் தராசு 29.5 காட்ட வேண்டும்.

பிறகு அடிவளையம். காலி சிலிண்டரைச் சாய்த்து அடியைப் பாருங்கள். ராஜாக்கமங்கலம் முதல் நீரோடி வரை கடற்கரை வீடுகளில் நான் பார்த்த துருவில் பெரும்பகுதி இங்கேதான். அடுக்களைத் தரையைக் கழுவிவிடும் தண்ணீர் வளையத்துக்குள் தங்கி நிற்கும். உப்புக்காற்று மீதியைச் செய்துவிடும். வெறும் செம்பழுப்புப் படலம் என்றால் துடைத்தால் போகும். விரல் நகம் பதியும் அளவுக்குக் குழி விழுந்திருந்தாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ அதை வைத்துக்கொள்ள வேண்டாம். சிலிண்டருக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு வைத்து, வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதித் துரு வராது. சக்கரம் வைத்த ஸ்டாண்டு என்றால் உருளாதபடி முட்டுக் கொடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கடைசிச் சொட்டு வரட்டும் என்று படுக்கவைத்தால், ஆவியாக வர வேண்டியது திரவமாக ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும்.

வால்வைச் சோதிக்க ரெகுலேட்டரை அணைத்து, கழற்றி எடுங்கள். வால்வின் வாயில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழ் எழுந்தால் உள்ளே இருக்கும் ஊசி சரியாக மூடவில்லை என்று பொருள். அப்போது நூலில் கட்டித் தொங்கும் மூடியை எடுத்து வால்வின் மேல் அழுத்திப் பொருத்துங்கள், கசிவு நின்றுவிடும். அந்தச் சிறு மூடியின் வேலையே அதுதான். பல வீடுகளில் சிலிண்டர் வந்த அன்றே நூலை அறுத்து மூடியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வால்வுக்குள் கறுப்பு நிறத்தில் மெல்லிய வாஷர் ஒன்று தெரியும். அது வெடித்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ ரெகுலேட்டர் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தாலும் கசியும். புதுச் சிலிண்டரைக் கொண்டுவருபவரிடமே, அவர் போவதற்கு முன், இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டரைப் பற்றி அதிகம் இல்லை. மாட்டும்போது 'கிளிக்' என்று உட்கார வேண்டும். கைப்பிடி அணைக்கும் பக்கம் திரும்பியதும் தீ அடங்க வேண்டும். அடங்காமல் எரிந்தால், அல்லது திருகாமலே தீ கூடிக் குறைந்தால், உள்ளே உள்ள சுருள்வில் துருப்பிடித்திருக்கலாம். கழற்றிப் பழுது பார்க்காதீர்கள். விநியோகஸ்தரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

டியூப்

நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை டியூபில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபைத்தான் போட வேண்டும். அதன் உடலிலேயே காலாவதியாகும் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். ஆயுள் ஐந்து ஆண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் படியுங்கள். படித்த தேதியைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டக்கூடாது, ஒரே டியூபிலிருந்து கிளை பிரித்து இரண்டு அடுப்புக்குக் கொடுக்கக்கூடாது. அடுப்புக்குப் பின்னால் சூடு படும் வழியாகப் போகக்கூடாது. அழகுக்காக மேலே துணி உறை போடுவதும் தவறு; உறை போட்ட டியூபில் வெடிப்பு யாருக்கும் தெரியாது.

தேதி சரியாக இருப்பதால் டியூப் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு சாணாக வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நரம்பு நரம்பாகக் கோடு தெரிந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. இரண்டு முனைகளையும், அடுப்புக்குள் நுழையும் கடைசி நான்கு விரற்கடையையும், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளைவையும் கூடுதலாகக் கவனியுங்கள். நம் வீடுகளில் கொப்பரையோ தேங்காயோ இல்லாத நாள் இல்லை. அது இருக்கும் இடத்துக்கு எலி வரும். வில்லுக்குறிப் பக்கம் ஒரு வீட்டில், மாட்டி எட்டே மாதமான புது டியூபின் அடிப்புறத்தில் எலி கடித்துக் கம்பி வலை பளபளத்துத் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் டியூப் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். அன்று நான் சாக்கை விரித்து, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை டியூபுக்கு அடியில் பிடித்ததால்தான் கண்ணில் பட்டது. அதுமுதல் அந்தக் கண்ணாடியும் பையில் நிரந்தரமாகிவிட்டது.

புது வீடுகளில் சிலிண்டரைப் புறவாசலில் வைத்து, சுவரில் துளை போட்டு உள்ளே இணைப்புக் கொடுக்கிறார்கள். சிலிண்டர் வெளியே இருப்பது நல்லதுதான். ஆனால் சுவருக்குள் ரப்பர் டியூப் போகவே கூடாது. சுவரைக் கடக்கும் பகுதி தாமிரக் குழாயாகவோ இரும்புக் குழாயாகவோ இருக்க வேண்டும், அது சிமென்டில் நேராகப் பதியாமல் ஓர் உறைக்குழாய்க்குள் போக வேண்டும். வெளியே இருக்கும் சிலிண்டருக்கு வெயிலும் மழையும் படாத கூரை வேண்டும். பக்கத்தில் சாக்கடைத் திறப்போ கிணறோ இருக்கக்கூடாது.

சோப்பு நீர்

ஒருமுறை குளச்சல் பக்கம் ஒரு வீட்டுக்காரர் கசிவு எங்கே என்று பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாழை இலையில் படுத்திருந்தார். புருவமும் முன்கை முடியும் கருகி, வலது கையில் தோல் உரிந்திருந்தது. தீக்குச்சியால் சோதிப்பது பழைய வழக்கம், பலரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். இன்றும் யாராவது கற்றுக்கொடுத்தால் அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு கரண்டி. நுரை பொங்க அடிக்க வேண்டாம். நுரைக்கு நடுவே குமிழைக் கண்டுபிடிக்க முடியாது. அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரில் டியூப் ஏறும் இடம், டியூபின் முழு நீளம், அடுப்பில் டியூப் நுழையும் இடம், அடுப்புத் திருகுகளின் கழுத்து என்று வரிசையாகத் தடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மனதுக்குள் முப்பது எண்ணும் வரை பொறுத்திருங்கள். பெரிய கசிவு உடனே குமிழும். சிறிய கசிவு மெதுவாக, மீன் முட்டைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பூக்கும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்திவிடுங்கள். கடலோரத்தில் ஈரத்தோடு விட்டால் நாமே துருவுக்கு விதை போட்டதாகும்.

அடுத்தது, வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய தாக்குப்பிடிச் சோதனை. ரெகுலேட்டரைத் திறந்து, சில நொடிகள் கழித்து மூடிவிடுங்கள். அடுப்பைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் ஆனபின், ரெகுலேட்டர் மூடியபடியே இருக்க, ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். டியூபில் தங்கிய வாயு சில நொடிகள் எரிந்து அடங்கினால் நல்லது. பற்றவே இல்லை என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் அது வேறு வழியாகப் போய்விட்டது. நான் இதையே தண்ணீர் நிரப்பிய வளைகுழாய் அளவுமானியால் செய்கிறேன். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார். அது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தண்ணீரை உயர்த்தி நிறுத்தும். பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கக்கூடாது. உங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வருபவரிடம் இந்த அளவுமானி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தீயும் காற்றும்

தீ நீலமாக, பர்னரில் பதிந்து எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை அல்லது துளை அடைத்திருக்கிறது. பர்னருக்குக் கீழே உள்ள கலவைக் குழாயில் சிலந்தி வலை பின்னியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுப்பு மேடையின் மேல் இருக்க வேண்டும், சிலிண்டரின் தலையைவிட உயரத்தில். தரையில் அடுப்பை வைத்தால், கசியும் வாயு தேங்கும் மட்டத்திலேயே தீயும் இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர்களில் இன்னொரு தொல்லை: காற்று. காற்றாலை சுழல்வதற்கு ஏற்ற அதே காற்று, சன்னல் வழியாக வந்து சிறுதீயில் வைத்த பர்னரை ஊதி அணைத்துவிடும். சாதாரண அடுப்புகளில் தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் ஏற்பாடு இல்லை. பால் காயட்டும் என்று சிறுதீயில் வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போவார்கள்; பால் ஆறிக்கொண்டிருக்கும், வாயு நிறைந்துகொண்டிருக்கும். சன்னலுக்கு நேர் எதிரே அடுப்பை வைக்காதீர்கள். வைக்க வேறு இடம் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு தடுப்பு வையுங்கள்.

அதற்காகச் சன்னலையே அடைத்துவிடவும் கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சாரல் உள்ளே வராமல் இருக்கக் கதவடியிலும் சன்னலிலும் சாக்கையும் அட்டையையும் திணித்து வைக்கிறோம். தரையோடு பரவும் வாயு வெளியேற வேண்டிய ஒரே வழி அந்தக் கதவடிதான். மேடைக்கு அடியில் கதவு போட்டுச் சிலிண்டரை மூடியிருந்தால், கதவின் கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் துளைகள் வையுங்கள். கசிவு அறிவிக்கும் கருவி வாங்கிப் பொருத்தினால் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் மாட்டுங்கள். குழாய் வழியாக இயற்கை எரிவாயு வரும் நகரங்களில் அது காற்றைவிட இலேசானது. அங்கே கருவி கூரையோரம் போகும். நகரத்து உறவினர் சொன்னார் என்று இங்கேயும் மேலே மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் வைத்த வீட்டில் அங்கே அது பயன்படாது.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். குளியலறைக்குள் அதை வைக்கவே கூடாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். மூடிய அறையில் எரியும் தீ பிராணவாயுவைத் தின்றுவிட்டுக் கார்பன் மோனாக்சைடைத் தள்ளும். அதற்கு வாடையில்லை, நிறமில்லை, கண் எரிச்சல்கூட இல்லை. தலை சுற்றும், கால் வலுவிழக்கும், தாழ்ப்பாளைத் திறக்க நினைத்தாலும் கை எழாது. சோப்பு நீரோ மூக்கோ இதைக் காட்டிக்கொடுக்காது. இருக்கும் இடம் சரியா என்பது ஒன்றுதான் இதற்கான சோதனை. கன்னியாகுமரியில் சீசனுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள், முன்பின் தெரியாத குடும்பங்களைத் தங்கவைக்கிறீர்கள் என்பதை நினைத்து இன்றே இடம் மாற்றிவிடுங்கள்.

மண்டபமும் விடுதியும்

வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர்தான். 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்படி 100 கிலோ வரை சமையல் எரிவாயு வைத்திருக்க உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம் உரிமம் வாங்க வேண்டும். கணக்கு எளிது: ஐந்து சிலிண்டர் 95 கிலோ. ஆறாவதை இறக்கினால் 114. கல்யாண நாளில் ஆறாவது தானாக வந்துவிடும்.

மண்டபங்களில் நான் முதலில் பார்ப்பது சிலிண்டர் அறையின் கீழ்த் துவாரங்களை. ஒரு மண்டபத்தில் அவற்றைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். எலி வருகிறதாம். எலிக்கு அடைத்த வழி வாயுவுக்கும் அடைபட்டுவிட்டது. உரிமையாளர் நல்ல மனிதர். விளக்கியதும் அன்றே உடைத்துக் கம்பி வலை போட்டார். அந்த அறைக்குள் சாதாரணச் சுவிட்சு, பல்பு இருக்கக்கூடாது. பாய், பந்தல் துணி, காலி அட்டைப்பெட்டி எதுவும் அடுக்கக்கூடாது. மஞ்சள் வண்ணம் பூசிய இரும்புக் குழாயில் பிடிப்புப் பட்டை போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே உப்பு ஈரம் தங்கும். மேலே வண்ணம் மினுங்க, உள்ளே குழாய் மெலிந்திருக்கும். சமையல் கூடத்துக்கு வெளியே, ஓடிவரும் ஒருவர் கை எட்டும் இடத்தில் மொத்தத்தையும் மூடும் வால்வு இருக்க வேண்டும். அது எங்கே என்று அன்று சமைக்க வந்த ஆட்களிடம் கேளுங்கள், மேலாளரிடம் வேண்டாம். தீயணைப்பு உருளையின் முள் பச்சையில் நிற்க வேண்டும்.

ஆலயத் திருவிழாவில் அசன விருந்து வைக்கும்போதும், கோயில் கொடையில் அன்னதானம் போடும்போதும் திறந்தவெளியில் பெரிய பட்டி அடுப்பு வைக்கிறோம். அதற்கு உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதற்கேற்ற டியூபும் தனி. வீட்டு டியூபைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டாதீர்கள். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளிச் சிலிண்டரை வைக்கச் சொல்வது என் வழக்கம்.

பூட்டிய வீடும் வெள்ளமும்

வெளிநாட்டில் வேலை என்று மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு இல்லாத தெரு நம் மாவட்டத்தில் குறைவு. கிளம்பும் நாளில் ரெகுலேட்டரை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றி, வால்வுக்கு மூடியைப் போட்டு, டியூபின் வாயைத் துணியால் கட்டுங்கள். இல்லையென்றால் குளவி உள்ளே மண்கூடு கட்டும். திரும்பி வரும் நாளில் வாசற்கதவைத் திறந்ததும் விளக்குச் சுவிட்சைத் தட்டாதீர்கள். நெடுநாள் கழித்து வீட்டுக்கு வருபவரின் கை முதலில் போவது அங்கேதான். முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்து, குனிந்து முகர்ந்து, கால் மணி நேரம் பொறுத்து, பிறகு விளக்கு. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் சோப்பு நீர்ச் சோதனை முழுவதும்.

2021 நவம்பர் மழையில் பல வீடுகளில் சிலிண்டர் மிதந்ததைப் பார்த்தோம். காலியானது மட்டும்தான் மிதக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 33 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள சிலிண்டர், நிறைந்தாலும் 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நிறைந்ததும் மிதக்கும். மிதந்து போகும்போது டியூபை இழுத்துப் பிடுங்கும். தண்ணீர் வாசலை எட்டும் முன்பே கழற்றி, மூடி போட்டு, உயரத்தில் கட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கிய ரெகுலேட்டரையும் டியூபையும் காயவைத்து மாட்டக்கூடாது. மாற்றத்தான் வேண்டும். வால்வுக்குள் சேறு போயிருந்தால் சிலிண்டரையும் விநியோகஸ்தரிடம் ஒப்படையுங்கள்.

கசிவு நேர்ந்தால்

அடுப்பு, எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். மின்சுவிட்சு எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் மின்விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும். புகைபோக்கி விசிறியையும் போடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வுக்கு மூடி போடுங்கள். கதவு சன்னல்களைத் திறங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள். மூடி போட்டும் சீறல் நிற்கவில்லை என்றால், முடிந்தால் சிலிண்டரைத் தீ எதுவும் இல்லாத திறந்தவெளிக்குத் தூக்கிச் செல்லுங்கள். முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். கைப்பேசியை வீட்டுக்கு வெளியே வந்தபின் எடுத்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சமையல் எரிவாயுக் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. தீப்பிடித்துவிட்டால் 101.

கடைசியாகக் காகிதங்கள். முகவரி பதிவான வீட்டில் விபத்து நேர்ந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில் உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. இதற்கு நீங்கள் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றுங்கள். ஆய்வு ரசீது, டியூப் வாங்கிய ரசீது, இணைப்புப் புத்தகம் மூன்றையும் ரேஷன் அட்டை இருக்கும் அதே பையில் வையுங்கள். முட்டத்து அம்மச்சி அப்படித்தான் வைத்திருக்கிறார். டியூபின் தேதியை அடுக்களைச் சுவரில் கரிக்கட்டியாலும் எழுதி வைத்திருக்கிறார். பால் ஊற்ற வரும் பெண்ணைத் தினமும் காலையில் அடுக்களைக்குள் கூப்பிட்டு, குனிந்து முகர்ந்து பார்க்கச் சொல்கிறார்.